சேறு யாருக்குப் பாடம்?

வாழ்வதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இப்போது எங்கள் பக்கம் ஜனங்கள் வருகிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனிக்கிழமை காலை வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை போய்விடுகிறார்கள். திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஏதாவதொரு தோப்பில் தங்கி, மண்சுவர் எழுப்பவும், எரு மக்க வைக்கவும், பெடலை மிதித்துத் தானியம் அரைக்கவும், மின்சாரமில்லாமல் தண்ணீர் இறைக்கவும் பழகுகிறார்கள். நான் பார்த்த ஓர் அறிவிப்பில் இரண்டு நாளைக்குக் கேட்டிருந்த கட்டணம், எங்கள் ஊர் நடவுக்காரி ஒருத்தி பதினைந்து நாள் சேற்றில் நின்றால் கிடைக்கிற கூலி. அந்தத் தோப்பைப் பெருக்கவும், வந்தவர்களுக்குச் சமைத்துப் போடவும், குழைக்கிற மண்ணில் கல் பொறுக்கவும் வந்திருந்தவர்கள் அந்த நடவுக்காரிகள்தான். அவர்களை யாரும் ஆசிரியை என்று கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருகிறதே ஒழிய விரோதம் இல்லை. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு கூனிப்போன பிள்ளைகள் இரண்டு நாள் மண்ணை மிதித்துவிட்டுப் போனால் மண்ணுக்கு நஷ்டம் எதுவுமில்லை. அவர்களில் சிலர் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். என் சண்டை வேறு. கையால் செய்கிற வேலையைப் படிப்பாக்க வேண்டும் என்று இந்த தேசத்தில் எண்பது தொண்ணூறு வருஷமாகப் பேசிவிட்டோம். எப்படிக் கற்றுக்கொடுப்பது, எத்தனை மணி நேரம், என்ன கருவி என்றெல்லாம் பேசியாகிவிட்டது. யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ற ஒரு கேள்வியை மட்டும் சாமர்த்தியமாகத் தாண்டிக்கொண்டே வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2005ஆம் வருஷத்தில் பார்லிமெண்டில் நிறைவேறிய கிராமப்புற வேலை உறுதிச் சட்டம், எந்த மாதிரி வேலைக்கு உறுதி கொடுக்கிறது என்று சொல்லும் இடத்தில், திறன் தேவையில்லாத உடலுழைப்பு என்று எழுதிற்று. சட்டம் எழுதியவர்கள் நல்லவர்கள்தான். ஏழைக்கு நாலு காசு போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதினார்கள். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வயலில் அண்டை வெட்டுகிற ஒருவனை நின்று பார்த்தவர்கள் அதை எழுதியிருக்க மாட்டார்கள். தண்ணீர் நிற்கிற மட்டத்தைப் பார்த்தே எந்த வரப்பில் நண்டு வளை விழுந்திருக்கிறது என்று சொல்வான் அவன். ஒரு வெட்டு மண் எவ்வளவு ஈரமாக இருந்தால் ஒட்டும், எவ்வளவு காய்ந்தால் உதிரும் என்பதை மண்வெட்டிப் பிடியின் அதிர்ச்சியிலிருந்தே தெரிந்துகொள்வான். நாற்று முடியைப் பிரித்து, பெருவிரலும் இரண்டு விரலும் மட்டும் சேற்றில் இறங்க, பின்னாலேயே நகர்ந்துகொண்டு நாள் முழுதும் வரிசை தப்பாமல் நடுகிற பெண்ணுக்குத் திறன் இல்லை என்றால், திறன் என்பது எது? நான் நாவல் எழுதுகிறவன். ஒரு அத்தியாயத்தில் அவ்வளவு வரிசை தப்பாமல் என்னால் எழுத முடிந்ததில்லை.

திறனுக்குத் திறன் இல்லை என்று பெயர் வைப்பது கூலியைக் குறைப்பதற்குச் சுலபமான வழி. இந்த ஜில்லாவின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதில் முற்றிய தகராறு அது.

இனி 1953க்கு வருகிறேன். அதைத் தாண்டிப் பேசினால் எங்கள் ஊரில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்; கொடுக்கவும் கூடாது.

1937இல் காந்தி வார்தாவில் கூட்டிய மகாநாட்டில் ஆதாரக் கல்வி பிறந்தது. ஜாகிர் ஹுசேன் கமிட்டி அதற்குத் திட்டம் வகுத்தது. ஏழு வருஷப் படிப்பு. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கும் பாஷையும் விஞ்ஞானமும் அதைச் சுற்றி வர வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் என்பது அதன் உயிர்நாடி. பிராமணப் பிள்ளையும் நூற்க வேண்டும். சக்கிலியர் பிள்ளையும் நூற்க வேண்டும். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நூற்க வேண்டும். நடந்ததா என்றால், எங்கள் பள்ளிக்கூடத்தில் தக்ளியும் பஞ்சும் கொடுத்தார்கள். வாரத்தில் ஒரு மணி. பஞ்சு பாதி மூக்கில் போயிற்று, மீதி பீரோவில் போயிற்று. அந்த நூலை யாரும் துணியாக நெய்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அதனால் ஒருவருக்கும் கெடுதல் வரவில்லை. ஒரு மணி நேரம் எல்லாருமே அசடுகளாக இருந்தோம். அதில் ஒரு சமத்துவம் இருந்தது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்தது வேறு. கிராமத்து ஆரம்பப் பள்ளியில் பிள்ளைக்குப் படிப்பு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் தகப்பன் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியாரும் திராவிடக் கட்சிகளும் குலக் கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவியை விட்டார்; காமராஜ் வந்து திட்டத்தைக் கைவிட்டார். ராஜாஜியின் அபிமானிகள் இன்றும் சொல்வார்கள்: 'உத்தரவில் ஜாதி என்ற வார்த்தையே கிடையாதே! இரண்டு ஷிப்டாக வைத்தால் இன்னும் எத்தனையோ குழந்தைகளைச் சேர்க்கலாம் என்றுதானே பார்த்தார்?' இருக்கலாம். ஜாதி என்ற வார்த்தை அந்த உத்தரவுக்குத் தேவைப்படவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாளின் பிள்ளை மத்தியானத்துக்கு மேல் எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வான் என்பதற்கு உத்தரவு எதற்கு? மிராசுதார் பிள்ளை என்ன கற்றுக்கொள்வான்? அவனுடைய தகப்பனார் தொழில் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டு குத்தகைக் கணக்குக் கேட்பது. அதை மூன்று மணி நேரம் உட்கார்ந்து கற்க வேண்டியதில்லை, பிறந்தபோதே வந்துவிடும். டவுன் பள்ளிக்கூடங்களுக்கு அந்தத் திட்டம் வரவுமில்லை. ஆகவே எதிர்த்தவர்கள் எதிர்த்தது நியாயம். நான் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றிச் சொல்லத் தயாரில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்ன? கைத்தொழில் என்ற பேச்சைப் பள்ளிக்கூட வாசலில் எடுத்தாலே தாய்மார்களுக்கு வயிற்றில் நெருப்பு விழுகிறது. 'எம் புள்ள மம்பட்டி புடிக்கவா பள்ளிக்கூடம் போவுது?' என்று கேட்கிறார்கள். கேட்க அவர்களுக்குப் பாத்தியதை உண்டு. அந்த நியாயமான பயத்தின் நிழலில் சௌகரியமாகப் படுத்துக்கொண்டவர்கள் மற்றவர்கள். மம்பட்டி பிடிக்காத வீட்டுப் பிள்ளைகள் தாங்களும் பிடிக்காமலே தப்பித்துக்கொண்டார்கள்.

இந்தப் பழைய வியாதி புது வேஷத்தில் வந்துகொண்டே இருக்கிறது. 2023இல் மத்திய சர்க்கார் விசுவகர்மா திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது. தச்சு, கொல்லு, மண்பாண்டம் என்று 18 தொழில்கள். குடும்பத் தொழிலாகச் செய்கிறவர்களுக்குக் கடனும் பயிற்சியும் கருவியும். குடும்பம் என்ற நிபந்தனை உதவாது என்று 2024இல் தமிழ்நாட்டு சர்க்கார் சொல்லிவிட்டு, 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று சொந்தமாக ஒன்று கொண்டுவந்தது. அதில் பரம்பரை கேட்கப்படுவதில்லை. ரொம்ப சரி. ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்று வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடக் கூடாதே என்ற கவலை. கவலை நல்ல கவலைதான். இருந்தாலும் அது சொல்லாமல் சொல்கிற சேதி ஒன்றுண்டு: உளியும் சுத்தியலும் படிப்பு முடிந்துபோனவர்களுக்கு, வேறு வழி அடைத்துப்போனவர்களுக்கு என்பதே அது. ஒருவர் பரம்பரையில் அடைத்தார். இன்னொருவர் வயதில் அடைக்கிறார். 2020இன் தேசியக் கல்விக் கொள்கையோ, ஆறாவதிலிருந்து எட்டாவதுக்குள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் போய்வா என்கிறது. பத்து நாள்! ஒரு இழைப்புளியைத் தீட்டக் கற்றுக்கொள்ளவே பத்து நாள் போதாது என்று எந்தத் தச்சரும் சொல்வார். அவரைக் கேட்டுத் திட்டம் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, என்ன கற்றுக்கொடுப்பது என்று கேட்பீர்கள். ஒரு கருவியைப் பற்றிச் சொல்கிறேன். அதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கோனோ வீடர் என்று எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இப்போது தெரியும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான களைக்கருவி. நீண்ட கைப்பிடி, முன்னால் சேற்றில் மிதக்கிற ஒரு தகடு, அதன் பின்னால் பற்கள் வைத்த இரண்டு கூம்பு உருளைகள், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து. முன்னும் பின்னுமாகத் தள்ளினால் உருளைகள் சுற்றிக் களையைப் பிடுங்கி அங்கேயே சேற்றில் அமுக்கிவிடும். மண்ணையும் கிளறி வேருக்குக் காற்றுக் கொடுக்கும். எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மனித உடம்புதான் இஞ்சின். ஒற்றை நாற்று நடவுக்கு இது இன்றியமையாதது. மடகாஸ்கர் தீவில் லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தாம் நடத்திய ஒரு விவசாயப் பள்ளிக்கூடத்தில் 1983 வாக்கில் பிள்ளைகளோடு நட்டுப் பார்த்துக் கண்ட முறை அது. பதினைந்து நாள்கூட ஆகாத இளநாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக. எக்டேருக்கு ஏழெட்டுக் கிலோ விதை போதும். வயலில் தண்ணீர் நிறைய நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டினால் போதும். பெரிய கோயிலின் ஆயிரமாவது வருஷத்தை ஒட்டி நம் சர்க்கார் இதற்கு 'ராஜராஜன் 1000' என்று பெயர் வைத்தது. மகாராஜா களை பறித்ததாகக் கல்வெட்டு எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை, போகட்டும்.

தண்ணீரைக் குறைக்கிற இந்தக் காரியம் எங்களுக்கு விளையாட்டல்ல. 2018இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய காவிரித் தண்ணீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகிவிட்டது. ஆனால் தண்ணீரைக் குறைத்தால் களை கூடும். தேங்கி நிற்கிற தண்ணீர்தான் இத்தனை காலமும் களையை அமுக்கிவைத்த கூலியில்லாத ஆள். அதை அனுப்பிவிட்டால் மூன்று வழிதான்: குனிந்து பறிப்பது, மருந்து அடிப்பது, கருவியைத் தள்ளுவது. பூமிக்கும் பணத்துக்கும் உடம்புக்கும் நல்லது மூன்றாவதுதான். கருவி நல்ல கருவியாக இருந்தால்.

அது நல்ல கருவியா என்று தள்ளுகிறவர்களைத்தானே கேட்க வேண்டும்? திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வயலில் கரையேறி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும். "நீங்கள் இதைத் தள்ளுவதில்லையா, அம்மா?" என்றேன்.

"எங்களுக்கு எங்கங்கய்யா குடுக்கறாங்க? அது ஆம்பளைங்க தள்றது, ஆம்பளைக் கூலி. குனிஞ்சு பறிக்கிற வரைக்கும் களை எங்களுது. நிமிந்து நின்னு தள்ளலாம்னு ஆச்சுன்னா அது அவங்களுது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நானும் ஒருநா தள்ளிப் பாத்தேன். எங்க களிமண்ணுல பதிஞ்சுக்குது. பிடி நெஞ்சுக்கு மேல வருது. எவனோ ஒசந்த ஆளுக்குச் செஞ்சிருக்கான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

யந்திர சாஸ்திரத்தில் இதைவிடத் தெளிவான விமர்சனம் எதையும் நான் படித்ததில்லை. பிடியின் உயரத்தை மாற்ற ஒரு போல்ட்டும் நாலு துளையும் போதும். மண்ணுக்குத் தக்கபடி மிதவைத் தகட்டை அகலப்படுத்தலாம். அதை அந்த அம்மாள் ஒரு பட்டறைக்காரரிடம் சொல்ல வேண்டும். அவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அல்லது அவள் பெண்ணே அந்தப் பட்டறையில் நிற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை.

மனித சக்தியால் ஓடுகிற யந்திரம் என்றால் மட்டம் என்றும், யோசிக்காமல் எப்படி வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. 1929இல் சர்க்கா சங்கம் நல்ல நூற்பு யந்திரம் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. அந்தக் காலத்து லட்சம்! நிபந்தனைகளைப் பாருங்கள். கையாலோ காலாலோ குடிசைக்குள் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு பெண் அதிகச் சிரமமில்லாமல் எட்டு மணி நேரம் வேலை செய்யக்கூடியதாக, அந்த எட்டு மணியில் 16,000 கெஜம் நூல் கொடுப்பதாக இருக்க வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இருபது வருஷம் உழைக்க வேண்டும். இதுவல்லவா கேட்கிற முறை! முதலில் உடம்பு, அப்புறம் கணக்கு. பரிசை யாரும் வாங்கவில்லை. அவ்வளவு கஷ்டமான கேள்வி அது. இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, திருநெல்வேலிச் சீமைக்காரரான ஏகாம்பரநாதன் என்பவர் பல கதிர்கள் சுற்றுகிற ஒரு ராட்டினத்தைச் செய்தார். அவர் பெயரிலிருந்தே அதற்கு அம்பர் சர்க்கா என்று பெயர் வந்தது. அது ஜெயித்ததா தோற்றதா என்கிற பொருளாதாரச் சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. கேட்ட கேள்வி யோக்கியமான கேள்வி என்கிறேன். களைக்கருவிக்கு அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்?

கேட்கக்கூடிய ஒருவர் இதே தஞ்சாவூரில் 1892இல் பிறந்தார். ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, கோட்டும் சூட்டுமாகப் பம்பாயில் தொழில் நடத்தியவர். காந்தியிடம் போன பிறகு வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். செக்கு எப்படிச் சுற்றினால் மாடு களைக்காது, அடுப்பு எப்படி இருந்தால் பெண்பிள்ளைக்குப் புகை வராது என்பதெல்லாம் அங்கே ஆராய்ச்சிக்கு உரிய விஷயங்கள். ஜெயிலில் உட்கார்ந்து 'எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்' என்ற புத்தகத்தை எழுதினார், 1945இல் வெளிவந்தது. இன்றைக்கு நிலைத்த வாழ்வு என்று தோப்பில் கூடாரம் போடுகிறவர்கள் பேசுவதெல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு அவரிடம் பிடித்தது அந்தத் தத்துவம்கூட அல்ல. செக்கைத் தொட வேண்டிய குலத்தில் பிறக்காத மனிதர் செக்கைத் தொட்டார். ஆடிட்டர் கண்ணோடு பார்த்தார். ஒரு தொழில் அதற்குப் பிறக்காதவன் கைக்குப் போகிறபோதுதான் அது படிப்பாகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை எங்கள் எல்லைக்கு அடுத்த புதுக்கோட்டை ஜில்லா காட்டிற்று. 1991இல் அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்களில் சைக்கிளும் ஒன்று. கல் உடைக்கிறவர்களும் வயல்வேலை செய்கிறவர்களும் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பிமேல் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம், அது இன்னும் சௌகரியம் என்றார்கள். கேலி செய்யாத ஆண்பிள்ளை இல்லை. அப்படியும் சைக்கிள் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று காட்டுகிற போட்டிகளில் 70,000 பெண்களுக்கு மேல் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். குடம் தண்ணீருக்கும் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. உடம்பு சக்தியால் ஓடுகிற யந்திரம்தான் சைக்கிளும். ஆனால் அங்கே யாரும் குலக் கல்வி என்று கூச்சல் போடவில்லை. ஏன்? எந்தக் குலத்துப் பெண்ணுக்கும் அது குலத்தொழில் இல்லை. வேண்டாம் என்று விலக்கப்பட்டிருந்த ஒன்று அவர்கள் கைக்கு வந்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். பள்ளிக்கூடத்தில் பட்டறை வையுங்கள். ஒரு கடைசல் யந்திரம், ஒரு வெல்டிங் கட்டை, நல்ல பிடிமானக் குறடு, இரும்புச் சாமான். பக்கத்தில் அரை மா வயல். மம்பட்டி தெரிந்த வீட்டுப் பெண் கடைசல் பிடிக்கட்டும். திண்ணை வீட்டுப் பையன் முதலில் சேற்றில் இறங்கட்டும். நடவுக்கார அம்மாள் வாத்தியார் சம்பளத்தில் வந்து வரிசை சொல்லிக்கொடுக்கட்டும். மார்க்குப் போடுங்கள், கணக்கு மார்க்கோடு சேர்த்துக் கூட்டுங்கள். மார்க்கு இல்லாத பாடத்தை எங்கள் ஊரில் ஒருவனும் மதிக்க மாட்டான், நானும் மதித்ததில்லை.

இதைச் சொன்னால் என் நண்பர் ஒருவர், நாற்பது ஏக்கர்க்காரர், ஆட்சேபிக்கிறார். "நடவு மெஷின் வந்தாச்சு ஓய், அறுப்பு மெஷின் வந்தாச்சு. இன்னும் கையால தள்ற சாமானைக் கட்டிண்டு அழறீரே!" என்கிறார். மெஷின் வரட்டும், நன்றாக வரட்டும். பெண்பிள்ளை நாள் முழுதும் குனிந்திருப்பதில் எனக்கு எந்த அழகும் தெரியவில்லை. அதை அழகு என்று படம் பிடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அறுப்பு மெஷின் எங்கிருந்தோ வருகிறது. தை மாதத்தில் மழை பெய்து வயல் சகதியானால் பெல்ட் வண்டிக்குத்தான் வழி, மணி வாடகை அவர்கள் சொன்னதுதான். நாற்பது ஏக்கர்க்காரரே கைகட்டி வரப்பில் நிற்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத யந்திரத்தின் வாசலில் நிற்பதும் ஒரு பண்ணையாள் வேலைதான். அவருக்கு அது புதுசு. அதனால் இன்னும் பெயர் தெரியவில்லை.

"உம்ம பேரன் இதைத் தள்ளட்டுமே" என்றேன். "அவன் நீட்டுக்குப் படிக்கிறான்" என்றார். களைக்காரி மகளும் அதற்குத்தான் படிக்கிறாள் என்று சொன்னேன். அவருக்கு அது தெரியாது.

அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் மானியத்தில் வந்த கோனோ வீடர் ஒன்று சாய்த்து வைத்திருக்கிறது. ஒரு உருளையின் புஷ் தேய்ந்து அச்சு ஆடுகிறது. மூன்று வருஷமாக அப்படியே கிடக்கிறது. கடைசல் பட்டறைக்குக் கும்பகோணம் போக வேண்டுமாம். மேல்நிலைப் பள்ளி அடுத்த தெருவில்தான் இருக்கிறது.